பிறந்தது ஏழு, இருப்பது நாலு

ஜனவரி 11
மாமியாரைப் பார்க்க, இங்கிலாந்தின் பழைய நெசவு ஊரான பர்ன்லி போய்வந்தோம். 86 வயதிலும் தறிச் சத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஆனால் எல்லாமே தாத்தாவின் கதைகள். அப்பாவைப் பெற்ற பாட்டியைப் பற்றிக் கேட்டேன். பெயர் தெரியும், தறி ஓட்டினார் என்பது தெரியும், அவ்வளவுதான். நான் தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 14
1911 சென்சஸ் தாள் கிடைத்தது. இங்கிலாந்தில் அதற்கு முந்தைய சென்சஸ்களுக்குக் கணக்கெடுப்பாளர் பார்த்து எழுதிய புத்தகம்தான் மிச்சம். 1911-க்கு வீட்டுக்காரர் தன் கையால் நிரப்பிய தாளே இருக்கிறது. கல்யாணமான பெண்களிடம் மட்டும் அந்த வருடம் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள்: மணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை. பாட்டிக்கு நேராகத் தாத்தா எழுதியிருக்கிறார்: 19, 7, 4, 3.

அந்த 3-ஐ விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. 1901 தாளில் 3 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், 1911-இல் அவள் இல்லை. மற்ற இருவர் எந்தத் தாளிலும் இல்லை. இரண்டு சென்சஸுக்கு நடுவே பிறந்து, நடுவிலேயே போய்விட்டார்கள்.

ஜனவரி 16
பாட்டியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் தெரியாமல் 1891 சென்சஸுக்குப் போக வழியில்லை. திருமணச் சான்றிதழுக்குப் பணம் கட்டினேன்.

ஜனவரி 29
சான்றிதழ் வந்தது. பெண்ணின் அப்பா பெயர், தொழில் எல்லாம் உண்டு. அம்மா பெயருக்கு இடமே இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதத்தில்தான் திருமணப் பதிவில் அம்மாக்களைச் சேர்த்தார்கள் என்று படித்தபோது மனசு கனத்துப்போனது. அந்த அம்மாவின் பெயர் 1881 சென்சஸில்தான் கிடைத்தது, 8 வயது மகளுக்கு மேலே, 'மனைவி' என்ற வரியில்.

ஜனவரி 31
பிறப்புப் பதிவு அட்டவணையை இப்போது இணையத்தில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரை வைத்துத் தேடலாம். 1837 வரை பின்னோக்கிப் போகிறது. தாத்தாவின் குடும்பப் பெயரையும் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துக் கொடுத்து, பர்ன்லி வட்டாரத்தில் வருடம் வருடமாகத் தேடினேன். ஏழு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். தாளில் இல்லாத இருவருக்கும் பெயர் இருக்கிறது! 1895-இல் ஒரு பையன், 1902-இல் ஒரு பெண். இறப்பு அட்டவணையில் அவன் வயது 0, அவள் வயது 1. இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 8
மறுபடி பர்ன்லி. மூன்று பெயரையும் மாமியாரிடம் சொன்னேன். ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

அப்புறம் 1921 தாளைக் காட்டினேன். 1931 சென்சஸ் தாள்கள் தீயில் போயின, 1941-இல் எடுக்கவேயில்லை. அதனால் பாட்டியைப் பார்க்கக் கிடைக்கிற கடைசி சென்சஸ் இதுதான். அதில் அவர் விதவை, நெசவாளர், குடும்பத் தலைவர். முதல் வரியே அவர்தான். கீழே அவர் கையெழுத்து. தாத்தா எழுதிய தாளும் கணக்கெடுப்பாளர் எழுதிய வரிகளும் பார்த்த பிறகு, அவரே மையைத் தொட்டு எழுதியதை அன்றுதான் பார்த்தோம்.

கையெழுத்தை மட்டும் பெரிதாக்கி ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார் மாமியார்.