ஆறு நடை மண்ணுக்கு எட்டு யூனிட் பில்

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது பில்டரிடமிருந்து வாட்ஸப் வந்தது. மொத்தம் 3,01,071 ரூபாய். வீடு கட்டிய கணக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. இது வீட்டு முன்னால் போட்ட தோட்டத்துக்கு மட்டும் வந்த பில். அப்பாவிடம் காட்டாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்பா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வளர்ந்தது அயனாவரம் ரயில்வே குவார்ட்டர்ஸில். மாடிப்படி ஓரத்தில் பெயிண்ட் டப்பாக்களில் மல்லியும் துளசியும் வைத்து, அதற்கே தினம் அரை மணி நேரம் செலவழிப்பார். மாதவரத்தில் ஒரு கிரவுண்ட் இடத்தில் வீடு கட்டியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "முன்னாடி கொஞ்சம் மண்ணை விட்டுடும்மா." அந்த மண்ணுக்கு வந்த பில் இது.

வீட்டு வேலைக்கு ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தம் போட்டிருந்தோம். தோட்டத்துக்குப் போடவில்லை. அது என் தவறு, முழுக்க என் தவறு. வேலை முடியும் நேரத்தில் பில்டரே வந்து, "மேடம், ஆளுங்க இங்கதானே இருக்காங்க, தோட்டத்தையும் நாங்களே முடிச்சிடுறோம்" என்றார். எவ்வளவு ஆகும் என்று வாட்ஸப்பில் கேட்டேன். "எல்லாம் சேத்து 1.4க்குள்ள முடிச்சிரலாம் மேடம்" என்று பதில் போட்டார், அதாவது 1.4 லட்சம். "சரி சார், ஆரம்பிங்க" என்று எழுதி 60,000 முன்பணம் அனுப்பினேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது இந்த இரண்டு வரி மெசேஜ்தான்.

பில்லில் இருந்தது இது. செம்மண் எட்டு யூனிட், 52,000. தரையில் பதிக்கிற பேவர் பிளாக் கல் 80 எம்எம் கனம், 450 சதுர அடி, 42,750. கொரியன் புல் 360 சதுர அடி, 16,200. செடிகள் 110, மொத்தமாக 48,000. கூலி 45,000. குழாய், விளக்கு 28,000. இதற்கு மேல் பத்து சதவீதம் மேற்பார்வைக் கட்டணம். அதற்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 45,926.

முதல் இரண்டு நாள் நான் செய்தது சண்டை மட்டும்தான். போனில் கத்தினேன். அவரும் கத்தினார். "மார்க்கெட் ரேட் ஏறிப்போச்சு மேடம், வேற யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுக்கோங்க" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ரேட்டைப் பற்றிப் பேசினால் அவர்தான் ஜெயிப்பார், ஏனென்றால் அது அவருடைய தொழில். மூன்றாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் பில்லை மறுபடி பார்த்தபோதுதான், ரேட்டை விட்டுவிட்டு அளவைப் பிடிக்கவேண்டும் என்று தோன்றியது. நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். சரக்கு வந்ததா என்று பார்க்காமல் பில்லில் டிக் போடமாட்டேன். வீட்டில் மட்டும் அதைச் செய்யாமல் விட்டிருந்தேன்.

மறுநாள் லீவ் போட்டேன். இன்ச் டேப்பின் ஒரு முனையை அப்பா பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். அதற்குள் அவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

தோட்ட இடம் 18 அடிக்கு 20 அடி, 360 சதுர அடி. ஒன்பது அங்குலத்துக்குச் செம்மண் போடுவதாகப் பேச்சு. ஒன்பது அங்குலம் என்றால் முக்கால் அடி. 360-ஐ முக்காலால் பெருக்கினால் 270 கன அடி. சென்னையில் மண், ஜல்லி, மணல் எல்லாவற்றுக்கும் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. ஆக, சொன்னபடியே போட்டிருந்தாலும் 2.7 யூனிட்தான். மண் அமுங்கும் என்று கால் பங்கு கூட்டினாலும் மூன்றரைக்கு மேல் போகாது. எட்டு யூனிட்டைக் கொட்டியிருந்தால் தோட்டம் ஜன்னல் பக்கம் ஏறியிருக்கும்.

அப்பா உள்ளே போய் தினசரி காலண்டரின் கிழித்த தாள்களை எடுத்துவந்தார். மண் வந்த இரண்டு நாளும் ஒவ்வொரு வண்டியும் வந்த நேரத்தைப் பின்பக்கத்தில் குறித்திருந்தார். ரயில்வே ஆள், அது அவருக்குக் கைவந்த பழக்கம். மொத்தம் ஆறு நடை. எல்லாமே குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி. ரவுண்டானா பக்கம் நின்ற ஒரு குட்டியானைக்காரரிடம் கேட்டு, பின்பெட்டியை அளந்தேன்: ஏழு அடி நீளம், நாலே முக்கால் அடி அகலம், ஓர் அடி உயரம். தலை தட்டினால் 33 கன அடி. ஆறு நடைக்கு 198. இரண்டு யூனிட்கூட முழுசாக இல்லை.

இரண்டு யூனிட்டில் ஒன்பது அங்குலம் எப்படி வந்தது? கடப்பாரையால் ஆறு இடத்தில் குழி போட்டோம். மேலே ஐந்து அங்குலம் செம்மண். அதற்குக் கீழே உடைந்த செங்கல், சிமெண்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, ஒரு இடத்தில் சிமெண்ட் சாக்கு. வீடு கட்டிய கழிவை வெளியே ஏற்றி அனுப்பாமல் அங்கேயே பரப்பி, மேலே மண்ணைப் போர்த்தியிருக்கிறார்கள்.

அப்பா குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் வைத்த கறிவேப்பிலைக் கன்று ஒரு மாதமாக மஞ்சளடித்துக்கொண்டிருந்தது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், இலை வெளிறிப்போகும். தண்ணீர் அதிகமோ, எருவில் சூடோ என்று அவர் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். சிமெண்டிலும் சாந்திலும் இருக்கும் சுண்ணாம்பு மண்ணில் கலந்தால் மண் காரமாகிவிடும். இரும்புச் சத்து மண்ணிலேயே இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. பணம் போனதைவிட, அந்த மனுஷன் ஒரு மாதம் தன் கையைச் சந்தேகப்பட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. கார் நிற்கிற இடமும் பக்கவாட்டு வழியும் சேர்த்து பேவர் 320 சதுர அடி. ஓரத்தில் ஒரு கல்லைப் பெயர்த்து ஸ்கேல் வைத்தால் ஆறு சென்டிமீட்டர், அதாவது 60 எம்எம். காருக்கு அது போதும், ஆனால் 80 எம்எம் விலையை வாங்கக்கூடாது. புல்லுக்குச் செடிப் பாத்தியையும் சேர்த்து முழு இடத்துக்கும் பில் போட்டிருந்தார்கள், இருந்தது 220 சதுர அடி. செடிகளை நானும் அப்பாவும் தனித்தனியாக எண்ணினோம். இரண்டு பேருக்கும் 64 வந்தது. பேவருக்கும் புல்லுக்கும் பதிக்கிற கூலி ரேட்டிலேயே இருக்க, தனியாக 45,000 கூலி எதற்கு என்று மேஸ்திரியைக் கேட்டேன். "அக்கா, நான் நாள் கூலிக்கு வந்தவன், என்னை இதுல இழுக்காத" என்றார். அவரை இழுக்கவில்லை. எத்தனை ஆள், எத்தனை நாள் என்பது எங்களுக்கே தெரியும்.

அளந்ததை எல்லாம் டேப் தெரியும்படி போட்டோ எடுத்தோம். எண் மட்டும் எழுதி வைத்தால் "நீங்க சும்மா எழுதிக்கிட்டது" என்று சொல்லிவிடலாம். குழிக்குள் டேப் நிற்கிற போட்டோவுக்கு அப்படிப் பதில் கிடையாது.

ஜிஎஸ்டிக்கு ஒரே ஒரு மெசேஜ் போட்டேன்: "உங்க ஜிஎஸ்டி நம்பரோட டாக்ஸ் இன்வாய்ஸ் அனுப்புங்க சார்." பில்லில் நம்பரே இல்லை. அது எழுத்தும் எண்ணும் சேர்த்துப் பதினைந்து இருக்கும், தமிழ்நாட்டு நம்பர் 33-ல் தொடங்கும், ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யாருடையது என்று யாரும் பார்க்கலாம். பதிவு செய்யாதவர் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்க 2017 சட்டம் இடம் கொடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து, "அதை விட்டுரலாம் மேடம்" என்று பதில் வந்தது. முறையான இன்வாய்ஸ் கொடுத்திருந்தால் நான் கட்டியிருப்பேன். அது அரசாங்கத்துக்குப் போகிற பணம், அதில் பேரம் பேசக்கூடாது.

இதற்கு நடுவில் அக்டோபர் மழை வந்தது. முதல் பெருமழையிலேயே வாசல்படிக்குக் கீழே தண்ணீர் கட்டி நின்றது. பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் தண்ணி டியூப் வாங்கிவந்து மட்டம் பார்த்தால், பேவர் தெருப் பக்கம் சரிவதற்குப் பதிலாகச் சுவர்ப் பக்கம் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் மூடியைக் காணோம். பேவருக்கு அடியில் போய்விட்டது. 2003-லிருந்து தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கட்டாயமான அமைப்பு. எங்கள் பிளானிலும் இருக்கிறது. அதன் தலையில் கல்லைப் பதித்திருக்கிறார்கள்.

1915-க்குப் போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். அங்கிருந்து பில்டருக்கு என்ன போனதோ, அவர் அசையவில்லை. ஆனால் பேசிய பெண் என்னிடம், "விலை அதிகம்னு மட்டும் எழுதாதீங்க. பேசின விலையைத் தாண்டினது, கொடுக்காத பொருளுக்கு பில் போட்டது, வேலையில குறை, இந்த மூணையும் தனித்தனியா எழுதுங்க" என்றார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விலைக்கு மேல் வாங்கினால் அதுவே புகாருக்குக் காரணம். வீடு கட்டித் தருவதும் அந்தச் சட்டப்படி சேவைதான். நாம் குடியிருக்கிற இடத்து மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இதெல்லாம் தெரிந்தபிறகுதான் எனக்குக் கை நடுக்கம் நின்றது.

தமிழில் இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். திட்டு ஒன்றுகூட இல்லை. இடது பக்கம் பில்லில் உள்ள அளவு, நடுவில் நான் அளந்தது, வலது பக்கம் தொகை. அவருடைய ரேட்டிலேயே கணக்குப் போட்டேன். 60 எம்எம் பேவருக்கு மட்டும் கடையில் விசாரித்த 75 ரூபாயைப் போட்டேன். மண்ணுக்குத் தாராளமாக இரண்டு யூனிட் 13,000, பேவர் 24,000, புல் 9,900, நர்சரி விலைப்படி செடிகள் 19,000, கூலி 15,000, குழாய் விளக்கு 18,000. கூட்டினால் 98,900. இதில் 60,000 கொடுத்தாகிவிட்டது. சரிவையும் தொட்டியையும் சரிசெய்து, பதினைந்து நாளுக்குள் பதில் சொல்லவேண்டும், இல்லையென்றால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று முடித்தேன். ஆணையத்துக்கு எழுதிவைத்த புகாரின் நகலையும் போட்டோக்களையும் கூடவே வைத்து, பால் பண்ணை போஸ்ட் ஆபீஸில் ஸ்பீடு போஸ்ட் போட்டு, டெலிவரி ஆன விவரத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் சாயந்திரம் அவர் வந்தார். கூட இரண்டு பேர். ஹாலில் உட்கார்ந்ததும் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "சார், நீங்க பெரியவர், பொம்பளைங்க பேச்சைக் கேட்டு போஸ்ட்ல எல்லாம் அனுப்பலாமா" என்றார்.

அப்பா சத்தம் போடவில்லை. "கணக்கு என் பொண்ணுதான் பாக்குறா. அவகிட்ட பேசுங்க" என்று சொல்லிவிட்டு, காலண்டர் தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் வரிவரியாகப் போனோம். மண்ணில் அவர் கொஞ்ச நேரம் நின்றார். "லாரியில வந்துச்சு மேடம், சார் பாத்திருக்க மாட்டார்." எங்கள் தெருவில் மின்கம்பம் இருக்கும் திருப்பத்தில் லாரி நுழையாது, வீடு கட்டும்போது ஜல்லியைக்கூட முனையில் கொட்டிக் கூடையில் சுமந்தது அவருடைய ஆட்கள்தான். அதைச் சொன்னதும் அடுத்த வரிக்குப் போய்விட்டார். செடிக்கு, "செத்துப்போனதை எடுத்திருப்பீங்க" என்றார். நாற்பத்தாறு செடி செத்திருந்தால் குழியாவது இருக்குமே என்று அப்பா கேட்டார். மேற்பார்வைக் கட்டணத்தில் நான் விட்டுக்கொடுத்தேன். அவர் ஆள் தினமும் வந்து நின்றது உண்மை.

1,10,000-க்கு முடிந்தது. முன்பணம் போக 50,000. சரிவும் தொட்டியும் அவர் செலவு. மண்ணுக்குள் இருக்கும் கழிவை எடுக்க மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காக ஆணையம்வரை போயிருக்கலாம், போனால் கிடைத்திருக்கும் என்றும் நம்புகிறேன். அப்பா, "வேணாம்மா, மண்ணை நான் பாத்துக்கிறேன்" என்றார். அவருக்காக விட்டேன்.

பேசியதை அங்கேயே வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பாதி இன்று, பாதி சரிவு சரியான பிறகு, இரண்டும் பேங்க் மூலமாக. "தோட்ட வேலைக்கு இதற்குமேல் எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வரியை எழுத அவர் தயங்கினார். அந்த வரி இல்லாமல் பணம் அனுப்பமாட்டேன் என்றேன். அவர் வைத்திருந்த பிளான் ஒரிஜினலையும் மோட்டார் பில்லையும் அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நாலு நாளில் பேவரைப் பெயர்த்து மறுபடி பதித்தார்கள். தொட்டி மூடி வெளியே வந்தது. அடுத்த மழையில் நானும் அப்பாவும் வாசலில் நின்று பார்த்தோம். தண்ணீர் சுவரைத் தொடாமல் தொட்டிக்குள் இறங்கியது.

கழிவு எடுக்கவும் புது மண்ணுக்கும் 11,000 ஆனது. இந்த முறை வண்டியில் மண் இறங்குவதற்கு முன்பே அப்பா டேப்போடு நின்றார். மல்லியும் செம்பருத்தியும் புது மண்ணில் துளிர்த்துவிட்டன. மஞ்சளடித்த கறிவேப்பிலையைத் தூக்கிப்போட அவருக்கு மனசு வரவில்லை. வேரைக் கழுவி, அயனாவரத்திலிருந்து கொண்டுவந்த பழைய பெயிண்ட் டப்பாவில் வைத்திருக்கிறார்.