ஹெரால்டுக்குக் கிளட்ச் மாற்றிய அனுபவம்

பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில்தான் முதலில் தெரிந்தது. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் சத்தம் ஏறியது, வண்டியின் வேகம் ஏறவில்லை. பின்னாலிருந்த மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்க, இரண்டாவது கியருக்கு இறக்கி மெதுவாக மேலே கொண்டுபோனேன். தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கருகிய வாசனை உள்ளே நிறைந்துவிட்டது.

வண்டி 1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு கதவு. சென்னையிலேயே தயாரான கார் என்பதால் அப்பாவுக்கு அதன்மேல் தனிப் பிரியம். 948 சிசி இன்ஜின், தனி சேஸிஸ், முன்பக்கமாகச் சாய்த்துத் திறக்கும் பெரிய பானெட். அப்பா போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே பாதி கிளட்ச்சில் ஊர்ந்து ஊர்ந்துதான் கிளட்ச் பிளேட், அதாவது இன்ஜின் சுழற்சியை உராய்வால் பிடித்து கியர் பாக்ஸுக்குக் கடத்தும் தட்டு, தேய்ந்திருக்கும்.

உடனே கியர் பாக்ஸை இறக்கிவிடவில்லை. ஹெரால்டில் கிளட்ச் ஹைட்ராலிக், அதாவது பெடலின் அழுத்தத்தை எண்ணெய்தான் கடத்தும். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்பி வரும் துளை அடைத்துக்கொண்டாலோ, பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதிப்போனாலோ அழுத்தம் முழுவதும் இறங்காமல் நிற்கும். அப்போது நல்ல பிளேட்டும் ஸ்லிப் ஆகும், அதாவது பிடிக்காமல் வழுக்கும். கியர் பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிளீட் திருகை லேசாகத் தளர்த்தி, தேங்கிய அழுத்தத்தை விட்டுப் பார்த்தேன். ஸ்லிப் அப்படியே இருந்தது. சரி, பிளேட்தான்.

அதன் பிறகு மூன்று வாரம் தேடல். புதுப்பேட்டையில் ஒரு கடையில், வேறொரு சின்ன காரின் பிளேட்டை எடுத்து, நடுவிலிருக்கும் ஹப்பை வெட்டிவிட்டு, என் பழைய ஹப்பை அதில் ரிவெட் அடித்துத் தருகிறேன் என்றார்கள். விலை குறைவுதான், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் பொருள் அது. ஹப் நடுவிலிருந்து மயிரளவு விலகினாலும் அதிரும். ரிவெட் விட்டுப்போனால் பிளேட்டின் துண்டுகள் என் காலுக்குப் பக்கத்தில்தான் பறக்கும். ஹெரால்டில் கியர் பாக்ஸ் மூடி கனமான உலோகம் கூட இல்லை.

இன்னொரு வழி வெளிநாட்டிலிருந்து கிட் வரவழைப்பது. என் வண்டிக்கு மூலமான டிரையம்ப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் உதிரி பாகங்கள் கிடைக்கின்றன. ஆனால் எளிதாகக் கிடைப்பவை பின்னால் வந்த பெரிய இன்ஜின்களுக்கான ஆறரை அங்குல டயாஃபிரம் கிளட்ச், அதாவது ஒரே தட்டு ஸ்பிரிங் வைத்தது. நம் 948க்கு ஆறேகால் அங்குலம், சுருள் ஸ்பிரிங் வைத்தது. கால் அங்குலம்தானே என்று தோன்றும். கிளட்ச் கவரின் போல்ட் துளைகள் இன்ஜின் முனையில் சுழலும் கனமான சக்கரமான பிளைவீலில் உட்கார வேண்டும், ரிலீஸ் பேரிங் தள்ளும் உயரம் பொருந்த வேண்டும். பிளைவீலை அளக்காமல் பெட்டியை வரவழைத்தால் பணம் வீண்.

அப்போதுதான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் ஒரு மெக்கானிக்கைப் பற்றி நண்பர் சொன்னார். எழுபதைத் தாண்டியவர், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். டயாஃபிரம் போடலாமா, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை இன்னும் வலுவானதாகப் போடலாமா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவர் பானெட்டைச் சாய்த்துவிட்டு, "கிளட்ச்ச அப்பால பாக்கலாம் தம்பி. கிராங்க் ஆடுதான்னு பாத்தியா?" என்றார்.

நான் பார்க்கவில்லை. கிராங்க் என்பது இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டு. இந்த வகை இன்ஜினில் கிளட்ச் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் லீவர்களைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் அப்படியே கிராங்க் ஷாஃப்டை முன்பக்கமாகத் தள்ளுகிறது. அதைத் தாங்குபவை பின் மெயின் பேரிங்கின் இருபுறமும் உள்ள இரண்டு அரைவட்டத் திரஸ்ட் வாஷர்கள் மட்டுமே. பின்பக்க வாஷர்தான் அதிகம் தேயும். அளவு மீறித் தேய்ந்தால் நழுவி, இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்குள் விழுந்துவிடும். பிறகு கிராங்க் நேராக இன்ஜின் பிளாக்கில் உரசும். கிளட்ச்சை வலுவாக்கினால் பெடல் கனக்கும், பெடல் கனத்தால் அந்த மெல்லிய வாஷர்மேல் சுமை கூடும். நான் தேடிக்கொண்டிருந்த 'வலுவான கிளட்ச்' என் இன்ஜினைத்தான் தின்றிருக்கும்.

சோதிக்கும் விதம் ரொம்ப எளிது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று ஃபேன் பெல்ட் புல்லியைப் பார்க்க வேண்டும். என் மகன் மிதித்தான். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தது. டயல் கேஜ் வைத்து அளந்ததில் 13 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 13 பாகம். எட்டுக்குள் இருக்க வேண்டியது. பழைய ஹெரால்டு வைத்திருக்கும் யாராக இருந்தாலும் கிளட்ச் வாங்குமுன் இதைப் பாருங்கள். தயவுசெய்து பாருங்கள்.

ஹெரால்டில் கியர் பாக்ஸை வண்டிக்கு உள்ளிருந்துதான் எடுக்க வேண்டும். முன் சீட்டுகள், கார்பெட், நடு மூடி எல்லாவற்றையும் கழற்றி, சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக் கொடுத்து, இரண்டு பேர் தூக்கி எடுத்தோம். உள்ளே தூசியை கம்ப்ரஸரால் ஊத பாய் விடவில்லை. அந்தக் காலத்து பிளேட்டின் லைனிங்கில், அதாவது உராயும் மேல்பாகத்தில், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டினோம். பிளேட்டில் ரிவெட் தலைகள் பிளைவீலைத் தொட ஆரம்பித்திருந்தன. பிளைவீலில் நீல நிறச் சூட்டுத் தழும்புகள்.

முடிவு அங்கேயே ஆனது. பழைய பிளேட்டுக்கே புது லைனிங், பழைய அளவிலேயே பிரஷர் பிளேட்.

ஹப்பின் பற்கள் தேயவில்லை, அதிர்வு தாங்கும் சின்ன ஸ்பிரிங்குகள் கூட்டுக்குள் இறுக்கமாக இருந்தன. இந்த இரண்டும் நன்றாக இருந்தால்தான் ரீலைனிங் செய்வதில் அர்த்தம். வண்ணாரப்பேட்டையிலேயே ஒரு லைனிங் கடையில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங்கை ரிவெட் அடித்துத் தந்தார்கள். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ரிவெட் தலை லைனிங்குக்குள் போதுமான ஆழம் இறங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அளந்தேன். பிறகு பிளேட்டை ஒரு தண்டில் கோத்துச் சுற்றி, விளிம்பு ஆடுகிறதா என்று பார்த்தோம். ஓரிடத்தில் லேசாக ஆடியது, தட்டிச் சரிசெய்தார்கள்.

பிரஷர் பிளேட்டில் இரண்டு ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து குட்டையாகியிருந்தன. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு பழைய கடையில், பழுப்பேறிய காகிதம் சுற்றிய பழைய ஸ்டாக் கவர் அசெம்பிளி (பிரஷர் பிளேட்டும் ஸ்பிரிங்குகளும் சேர்ந்தது) ஒன்று கிடைத்தது. அதைக் கையில் வாங்கியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! மூன்று லீவர்களும் ஒரே உயரத்தில் இருந்தன. திரஸ்ட் வாஷர்களும் அங்கேயே கிடைத்தன.

சம்ப்பை இறக்கி, பின் மெயின் கேப்பைக் கழற்றி வாஷர்களை மாற்றினோம். எண்ணெய்க் கோடு உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் சீக்கிரமே தேய்ந்துவிடும். இப்போது 6 தௌ. பிளைவீலின் முகத்தை லேத்தில் மெல்லிசாகச் சீவிச் சமமாக்கினோம். ரிலீஸ் பேரிங், கிராங்க் முனையிலுள்ள வெண்கல புஷ், ஹைட்ராலிக் ரப்பர்கள் எல்லாம் புதிது. திரும்பவும் அத்தனையையும் பிரிக்க எனக்கு விருப்பமில்லை.

ஏற்றும்போது ஒரு விஷயத்தில் பாய் கண்டிப்பாக இருந்தார். கியர் பாக்ஸின் கனம் ஒரு விநாடி கூட பிளேட்டின் ஹப்பில் தொங்கக் கூடாது. தொங்கினால் பிளேட் வளையும், புது கிளட்ச் முதல் நாளே குலுக்கும். நானும் மகனும் இருபுறமும் தாங்கிப் பிடிக்க, அவர் போல்ட் இறுக்கினார். மொத்தச் செலவு, இறக்குமதி கிட்டுக்குச் சொன்ன விலையில் பாதிகூட வரவில்லை.

முதல் 500 கிலோமீட்டர் மெதுவாகவே ஓட்டினேன். இப்போது சிக்னலில் நியூட்ரலில் போட்டுவிட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் நியூட்ரல்தான், கிளட்ச்சை மிதிப்பதில்லை. எண்ணெய் அழுத்தம் வருமுன்னே வாஷர்மேல் பாரம் ஏற்ற வேண்டாமே என்றுதான். போன ஞாயிறு 1,200 கிலோமீட்டர் முடிந்ததும் மகனைப் பெடலை மிதிக்கச் சொல்லி மறுபடி அளந்தேன். அதே 6.