ஜெராய் மலையடியில் ஒரு விசாக நாள்

விசாக தினத்தன்று விடியற்காலையில் மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் பீடோங்கில் நல்ல மழை. "மரம் நனைஞ்சிடுச்சு, இன்னிக்கு வெட்டு இல்ல" என்றார் அம்மா, பழைய நினைப்பில். அவர் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டும் உளியைக் கீழே வைத்துப் பதினைந்து வருடமாகிறது. எங்கள் தோட்டத்தில் இப்போது கித்தா மரமே இல்லை; எங்கு பார்த்தாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான்.

மழை விட்டதும் பக்கத்து வீட்டுச் சீன அக்காவோடு சயாமிய (தாய்லாந்து) பௌத்தக் கோயிலுக்குக் கிளம்பினேன். வைகாசி விசாகம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே முருகன்தான். அதே வைகாசிப் பௌர்ணமியில்தான் புத்தர் பிறந்தார், ஞானம் பெற்றார், பரிநிர்வாணம் அடைந்தார் என்று பௌத்தர்கள் கொண்டாடுகிறார்கள். கையில் ஒரு தாமரை மொட்டு, மூன்று ஊதுபத்தி, ஒரு மெழுகுவர்த்தி. புத்தருக்கு ஒன்று, தம்மத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று என மூன்று சுற்று. ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு மெதுவாக நடந்தபோது, ஏழு வருடமாக மனசில் கிடக்கும் வேண்டுதல் தானாகவே வாய்க்கு வந்தது.

எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பாட்டிகள் பாடும் தாலாட்டு, ஒப்பாரி, பால் வெட்டப் போகும்போது பாடிய பாட்டு எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். மாரியம்மன் கோயிலில் விளக்குப் போடும்போதெல்லாம் இதைத்தான் கேட்பேன். அதற்குள் மூன்று பாட்டிகள் போய்விட்டார்கள். இதற்கென்று வாங்கிய நோட்டுப் புத்தகத்தில் இன்னும் ஒரு வரிகூட இல்லை.

சுற்றி முடித்து உட்கார்ந்திருந்தபோது, எல்லாரும் 'தோக் சாமி' என்று கூப்பிடும் வயதான பிக்கு அருகில் வந்தார். என்ன வேண்டிக்கொண்டாய் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். பாலியில் ஆசைக்கு இரண்டு சொல் இருக்கிறது என்றார். 'தண்ஹா' என்பது தாகம். கிடைக்க வேண்டும், கிடைக்க வேண்டும் என்று தவிப்பது. 'சந்தம்' என்பது செய்ய வேண்டும் என்ற விருப்பம். காரியம் கைகூடப் புத்தர் சொன்ன நான்கு படிகளில் முதல் படியே அந்தச் சந்தம்தானாம். அதற்கப்புறம் முயற்சி, மனதை அதிலேயே நிறுத்துவது, செய்ததைச் சோதித்துப் பார்ப்பது. பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று கேட்டார்: "முதல் பாட்டு யாரிடம் இருக்கிறது? என்றைக்குப் போகிறாய்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏழு வருடத்தில் ஒரு நாளைக்கூட நான் குறித்ததில்லை. பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டால் நம் வீட்டில் அன்றைக்கே விரத நாளை எண்ண ஆரம்பித்துவிடுகிறோமே! இதற்கு மட்டும் ஏன் அப்படித் தோன்றவில்லை?

திரும்பும் வழியில் மெர்போக்கில் இறங்கி, பூஜாங் பள்ளத்தாக்கின் பத்து பாகாட் சண்டி என்ற பழங்காலக் கோயிலைப் பார்த்தோம். அது சிவன் கோயில். ஆனால் கடாரம் என்று அன்று சொன்ன இந்தக் கெடாக் கரை பௌத்தர்களுக்கும் சொந்தம். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். புத்தர் நமக்கு அந்நியரா என்ன? 1834-இல் ஜேம்ஸ் லோ என்பவர் பக்கத்துப் பினாங்கு மாநிலத்துச் செபெராங் பிறையில் கண்டெடுத்த ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு தூபியும், அறியாமையால் வினை சேர்கிறது என்ற பௌத்த வாசகமும், புத்தகுப்தன் என்ற பெரிய மாலுமியின் பெயரும் இருக்கின்றன. பயணம் கைகூடட்டும் என்ற வேண்டுதலும் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. வேண்டிக்கொண்டவன் கப்பலோட்டி. கடலில் இறங்கப் போகிறவனின் வேண்டுதல் அது.

வீட்டுக்கு வந்து, தோக் சாமியிடம் கேட்ட சோணர் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். பாதத்தில் ரத்தம் வரும்வரை நடந்து தவம் செய்து, மனம் சோர்ந்துபோன பிக்கு அவர். வீணை வாசித்தவர் என்பதால், தந்தியை ரொம்ப முறுக்கினாலும் நாதம் வராது, தளர்த்தினாலும் வராது, இல்லையா என்று புத்தர் அவரிடமே கேட்டாராம். அம்மா உளி பிடிப்பதுபோல விரலை மடக்கினார். "மரமும் அப்படித்தான். ஆழமா போனா காயம் பட்டுடும், அந்தப் பட்டையில அப்புறம் வெட்ட முடியாது. மேலாப்புல சீவுனா மங்குல பால் விழாது. கை பழகணும், அதுக்குத் தினமும் போவணும்."

சரி என்று அன்று சாயங்காலமே கடைசி வீட்டுப் பெரியாயியிடம் போனேன். கைப்பேசியைப் பார்த்ததும் கூச்சப்பட்டார். அதை எடுத்து வைத்துவிட்டு நோட்டை மட்டும் விரித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாலாட்டைத் தொடங்கினார். இரண்டு அடியில் குரல் நின்றது.

"மிச்சம் வர மாட்டேங்குது ஆயி. புதன்கிழமை வா, யோசிச்சு வைக்கிறேன்."

அந்த இரண்டு அடியையும் எழுதி, அதற்குக் கீழே 'புதன், மாலை 5 மணி' என்று குறித்துக்கொண்டேன்.