மயிர்க்கால் வழியே மருந்து: துகளின் அளவு, மசாஜ், அதன் பிறகு

மருந்தை நுண்துகளில் அடைத்துத் தோலில் தேய்க்கும்போது, "துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு ஆழம் போகும்" என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. மயிர்க்கால், அதாவது முடி முளைக்கும் குழி விஷயத்தில் இது தவறு. பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையின் தோல் ஆய்வுக் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 122 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான துகள்களைப் மனிதத் தோலுக்கு மாற்றாகப் பயன்படும் பன்றிக் காதில் தேய்த்துப் பார்த்தார்கள். மிக ஆழமாக இறங்கியவை 640 நானோமீட்டரை ஒட்டிய நடுத்தர அளவுத் துகள்கள்தான். அதைவிடச் சிறியவையும் பெரியவையும் அவ்வளவு ஆழம் போகவில்லை.

காரணம் முடியின் மேற்பரப்பு. முடியைப் போர்த்தியிருக்கும் செதில்கள் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் தடிமன் கொண்டவை. அவற்றின் விளிம்பு நுனியை நோக்கி இருக்கும். மசாஜ் செய்யும்போது முடி பக்கவாட்டில் அசைந்து துகளை அழுத்துகிறது. செதிலின் சரிவு அந்தத் துகளை வேர்ப்பக்கமாக வழுக்கிவிடுகிறது. சைக்கிளின் ஃப்ரீவீல் போல, அசைவு இரு பக்கமும் இருந்தாலும் நகர்வு ஒரே பக்கம்தான். செதிலின் அளவை ஒத்த துகளுக்கே இந்தத் தள்ளல் நன்றாகக் கிடைக்கிறது.

அதனால் மசாஜ் ஒரு முக்கியமான மாறி. அதே குழு 2007-இல் சாயம் அடைத்த 320 நானோமீட்டர் பிஎல்ஜிஏ (உடலில் சிதையும் ஒரு பாலிமர்) துகளிலும் துகளில் அடைக்காத சாயத்திலும் சோதித்தபோது, தேய்க்காமல் விட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தேய்த்த பிறகே துகள் முந்தியது. மனிதத் தோலில் துகள் 10 நாள் வரை மயிர்க்காலில் தங்கியது. துகளில்லாத சாயம் 4 நாள்தான். மேல்தோலில் இருப்பது உதிர்ந்தும் கழுவியும் போய்விடும், மயிர்க்காலில் இருப்பதோ சீபமும் (தோல் சுரக்கும் எண்ணெய்) முடி வளர்ச்சியும் வெளியே தள்ளும்வரை இருக்கும்.

இந்தச் சோதனையின் செய்முறையில் சறுக்கும் இடங்கள் நிறைய. இறைச்சிக்கூடத்தில் வெந்நீரில் அமிழ்த்தி எடுத்த பன்றியின் காது வேண்டாம். தோலின் தடை ஏற்கெனவே கெட்டிருக்கும். அப்படி அமிழ்த்துவதற்கு முன் வெட்டிய புதுக் காதை வாங்கிக் குளிர்ந்த நீரில் கழுவி, ஒற்றி எடுத்து, முடியைக் கத்தரியால் குட்டையாக வெட்டலாம். பிடுங்கக் கூடாது, முடி இல்லாவிட்டால் செதிலும் இல்லை. தோலைக் குருத்தெலும்பிலிருந்து உரிக்கவும் கூடாது. வெட்டி எடுத்த மனிதத் தோலில் மீள்நார்கள் சுருங்கி மயிர்க்குழியின் வாயை இறுக்கிவிடுகின்றன, உயிருள்ள தோலில் நுழைவதில் சிறு பங்குதான் அதில் நுழைகிறது. காதுத் தோல் குருத்தெலும்போடு ஒட்டியிருக்கும்வரை அந்தச் சுருக்கம் வராது.

துகள் கலவையைச் சீராகப் பரப்பி, கையுறை விரலால் ஒரே அழுத்தத்தில் 3 நிமிடம் வட்டமாகத் தேய்க்கலாம். கையுறையில் முதலிலேயே கலவையைத் தடவிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அளந்து வைத்ததில் ஒரு பகுதி ரப்பரோடு போய்விடும். கலவை தேய்க்கும் நடுவே காய்ந்தால் துகள்கள் ஒட்டிக் கட்டியாகும், பிறகு எத்தனை தேய்த்தாலும் இறங்காது. மெல்லிய ஜெல்லில் கலப்பது இதற்காகத்தான். ஜெல் அதிகக் கெட்டியானால் துகள் அதற்குள்ளேயே சிறைப்படும். தேய்த்த பிறகு 32 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது வழக்கம்.

அளப்பதற்கு முதலில் ஒட்டுநாடாவால் மேல்தோலை அடுக்கடுக்காக உரிக்க வேண்டும். பிறகு ஒரு சொட்டு சயனோஅக்ரிலேட் பசை, அதன் மேல் கண்ணாடித் தகடு. பசை இறுகியதும் ஒரே இழுப்பில் எடுத்தால் மயிர்க்குழியில் இருப்பது வார்ப்பாக வெளியே வரும். இழுப்பில் தயங்கினால் வார்ப்பு பாதியில் முறியும். ஆழம் பார்க்க வேண்டுமானால் உறைந்த வெட்டுதான், அதாவது தோலை உறையவைத்து மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்ப்பது. அதில் கத்தி உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் போகட்டும். மாறிப் போனால் மேலிருக்கும் சாயத்தைக் கத்தியே கீழே இழுத்துவிட்டு, "ஆழமாகப் போயிருக்கிறது" என்று பொய்ச் சாட்சி சொல்லும். துகளிலிருந்து கசிந்த தனிச் சாயமும் அப்படியே ஏமாற்றும். கலவையை மையவிலக்கில் சுழற்றி, மேலே தெளிந்த நீரின் ஒளிர்வைக் கட்டாயம் பாருங்கள். அந்தத் தெளிந்த நீரையே இன்னொரு காதில் தேய்த்து ஒப்பிடுவது அதைவிட நல்லது.

இவ்வளவும் சரியாக வந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இந்த அளவுத் துகள் குழியில் போய் நிற்குமே தவிர, அதன் சுவரைக் கடந்து உயிருள்ள திசுவுக்குள் பெரும்பாலும் போகாது. சுவரைக் கடக்க வேண்டியது மருந்து, அதுவும் துகளிலிருந்து பிரிந்து கடக்க வேண்டும். துகள் மிகவும் உறுதியாக இருந்தால் மருந்தைச் சுமந்தபடியே சீபத்தோடு வெளியே வந்துவிடும். தளர்வாக இருந்தால் மயிர்க்குழிக்குப் போகும் முன்பே மருந்தைக் கொட்டிவிடும். ஆழத்தைப் பற்றி மட்டும் எழுதும் ஆய்வறிக்கைகள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போவது எனக்கு வருத்தம். ஆல்புமின் புரதத்தால் செய்த துகளோடு, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டீஸ் நொதியையும் சேர்த்துத் தேய்த்து, குழிக்குள் போன பிறகு துகளைக் கரைக்கும் முயற்சி நடந்திருக்கிறது. தங்க நானோதுகள் கலந்த ஆல்புமின் துகள்மேல் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சியும் மருந்தை விடுவித்துப் பார்த்திருக்கிறார்கள். புதிதாகத் துகள் வடிவமைப்பவர்கள் அளவை முடிவு செய்யும் அதே நாளில், எது அதைத் திறக்கும் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.