ஊர் நூலகத்தின் பட்டியலைப் பொதுவில் வைத்த அனுபவம்

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நூலகம் இருக்கிறது. மொத்தம் 8,640 புத்தகங்கள், பாதிக்கு மேல் 1980க்கு முன் அச்சானவை. பத்தாம் வகுப்பு முடியும்வரை என் சாயங்காலங்கள் அங்கேதான் கழிந்தன. மூன்று வருடத்துக்கு முன் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நூலகர் ஐயா கூப்பிட்டார். "தம்பி, மதுரையில இருந்து ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்க பஸ் ஏறி வருதுங்க. தேடுற புத்தகம் இங்க இல்லன்னு தெரிஞ்சு வெறுங்கையோட திரும்புதுங்க. நம்ம லிஸ்ட்டை அவங்க அங்கேயே பாக்குற மாதிரி செய்ய முடியுமா?"

நான் மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவன். ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்றேன். பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்தில் மென்பொருளுக்காகச் செலவிட்டது இரண்டு வாரம் இருந்தால் அதிகம். மீதி அத்தனையும் தரவுக்குப் போனது. இன்னொரு ஊரில் யாராவது இதே வேலையைத் தொடங்கினால், எங்கே நேரம் போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

மென்பொருளுக்கு, நூலகப் பட்டியலை நிர்வகிக்கும் கோஹாவைத் தேர்ந்தெடுத்தோம். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற சிறிய வட்டாரத்தின் நூலகங்களுக்காக 1999இல் எழுதப்பட்டு, 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. பழைய மேசைக் கணினி ஒன்றில் டெபியன் என்ற இயங்குதளத்தைப் போட்டு அதன்மேல் கோஹாவை நிறுவினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. வழிகாட்டி ஆவணங்கள் நன்றாகவே இருக்கின்றன.

பழைய பட்டியல் 2003இல் உள்ளூர்க் கணினி மையம் ஒன்று செய்து கொடுத்த நிரலில் இருந்தது. அதிலிருந்து சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுத்தோம். திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடந்தன. காரணம், ஆங்கில எழுத்துகளின் குறிகளுக்குத் தமிழ் வடிவம் வரைந்து வைத்த பாமினி எழுத்துரு. பாமினியில் தட்டிய தமிழ், கணினிக்குத் தமிழே அல்ல. 'அம்மா' என்று திரையில் தெரிவதற்குப் பின்னால் கணினி வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துருவை எடுத்துவிட்டால் அந்த ஐந்தும்தான் மிஞ்சும்.

இது தெரிந்த விஷயம்தான், மாற்றிகள் நிறையவே இருக்கின்றன, ஒரு மாலை நேர வேலை என்று நினைத்தேன். ஆனால் மாற்றுவதற்கு முன்பே கோப்பு உடைந்திருந்தது. பாமினியில் 'இ' என்ற எழுத்து காற்புள்ளியின் இடத்தில் இருக்கிறது. சி.எஸ்.வி. என்பது அட்டவணையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு; அதில் காற்புள்ளிதான் அட்டவணையின் ஒரு பத்தியையும் (காலம்) அடுத்த பத்தியையும் பிரிக்கும் குறி. பழைய நிரல் தலைப்புகளை மேற்கோள் குறிக்குள் அடைக்காமல் அப்படியே எழுதியிருந்தது. ஆகவே 'இ' எழுத்து வந்த இடமெல்லாம் வரி வெட்டுப்பட்டுவிட்டது. 'இலங்கை' என்பது 'லங்கை' ஆகி அடுத்த பத்திக்குப் போய்விட்டது. 'தென் இந்திய' என்று தொடங்கும் தலைப்புகளில் 'தென்' ஒரு பத்தியிலும் 'ந்திய' இன்னொரு பத்தியிலும் கிடந்தன. இலக்கியம், இலக்கணம், இசை, இயற்பியல் எல்லாம் போச்சு. தமிழ் நூலகம் ஒன்றில் 'இ' எழுத்து எத்தனை தலைப்புகளில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு வரியிலும் ஒன்பது பத்திகள் இருக்க வேண்டும். முதலில் அக்சஷன் எண் (நூலகத்துக்கு வந்த வரிசையில் புத்தகத்துக்கு இடும் எண்), கடைசியில் விலை, அதற்கு முன் நான்கு இலக்க ஆண்டு. இந்த மூன்றையும் ஆணியாக அடித்துக்கொண்டு நடுவில் சிதறியதை ஒட்டும் ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். பெரும்பாலான வரிகள் சரியாகிவிட்டன. ஆனால் ஆசிரியர் பெயரே 'இரா.' என்று தொடங்கினால், தலைப்பு எங்கே முடிகிறது, ஆசிரியர் எங்கே தொடங்குகிறார் என்று நிரலால் சொல்ல முடியாது. அப்படி 311 வரிகள் மிஞ்சின. அவற்றுக்கு ஐயா பழைய அக்சஷன் ரிஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் வாசிக்க, நான் இங்கிருந்து திருத்தினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். அந்த ரிஜிஸ்டர் இல்லாவிட்டால் இந்த வேலை அங்கேயே நின்றிருக்கும். கணினியில் ஏற்றியாகிவிட்டது என்று சொல்லிப் பழைய பதிவேடுகளைத் தூக்கிப் போடும் நூலகங்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போடாதீர்கள்.

அடுத்தது எழுத்து மாற்றம்: பாமினிக் குறிகளை, இன்று கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோடு குறிகளாக்குவது. இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியை ஓட்டியதும் தமிழ் வந்தது. கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. கோஹாவில் ஏற்றி, 'வெளியீடு' என்று தேடினேன். ஒன்றுகூட வரவில்லை. பதிப்பக விவரத்தில் அந்தச் சொல் இல்லாத புத்தகம் பாதிகூடத் தேறாது!

அரை நாள் விழித்திருந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பாமினியில் 'கௌ' என்பதற்கும் 'கெள' என்பதற்கும் ஒரே குறிகள்தான். ஒற்றைக்கொம்பு, ககரம், அப்புறம் ளகரம். எழுத்துருவுக்கு இரண்டும் ஒரே படம், அதனால் வேறுபாடு தேவைப்படவில்லை. யூனிகோடில் அப்படி இல்லை. 'கௌ' என்பதில் இருப்பது ஔகாரக் குறி, 'கெள' என்பதில் இருப்பது எகரக் குறியும் தனி ளகரமும். அந்த மாற்றி எங்கே அந்த வரிசையைக் கண்டாலும் ஔகாரமாக்கிவிட்டது. 'வெளியீடு' என்பது 'வௌியீடு' ஆகிவிட்டது. 'வெள்ளை' என்பது 'வௌ்ளை'. திரையில் வித்தியாசம் தெரியாது. பழைய செய்தித்தளங்கள் பலவற்றில் இந்தப் பிழையை இன்றைக்கும் பார்க்கலாம்.

நேர்மாறாக, எல்லாவற்றையும் எகரமும் ளகரமுமாக வைத்தால் கௌதமரும் சௌந்தரராசனும் கெட்டுப் போவார்கள். கடைசியில் ஒரு விதி வைத்தேன்: ளகரத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ளகரம், வராவிட்டால் ஔகாரம். 'வெளி', 'தெள்ளு', 'கெளுத்தி' எல்லாம் தப்பித்தன. 'பௌர்ணமி', 'வௌவால்' சரியாக வந்தன. 'வெளக்கு' மாதிரி வட்டார வழக்கில் பெயர் வைத்த சில சிறுகதைத் தொகுப்புகளில் மட்டும் விதி தவறியது. அவற்றைக் கையால் திருத்தினேன். மாற்றியை நானே புதிதாக எழுதி, அதற்கு 200 சொற்களில் ஒரு சோதனைப் பட்டியலும் வைத்தேன். நிரலில் ஒரு வரி மாற்றினாலும் அந்த 200 சொற்களும் தேறினால்தான் அடுத்த வேலை.

தேடலில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கோஹாவின் தேடுபொறியான ஸீப்ரா நிறுவும்போதே எடுத்துக்கொள்ளும் எழுத்து அட்டவணை தமிழுக்கு ஒத்துவராது. அதைப் பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐ.சி.யூ. முறைக்கு மாற்றி, தேடல் அட்டவணை முழுவதையும் மறுபடி கட்ட வேண்டும். அதையும் செய்த பிறகுதான் தேடல் ஒழுங்காக வந்தது. வரிசையிலும் கவனம் வேண்டும். யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கினால் 'மனிதன்' முதலிலும் 'மரம்' பின்னாலும் வரும். நம் அகராதியில் னகரம் கடைசி மெய், ஆகவே 'மரம்' தான் முதலில் வர வேண்டும். ஐயா முதல் பக்கத்தைப் பார்த்ததுமே இதைப் பிடித்துவிட்டார்.

பெயர்களைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். எங்கள் பட்டியலில் மு. வரதராசன், மு. வரதராசனார், டாக்டர் மு.வ., மு.வ., வரதராசன் மு. என்று ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தும் ஒருவரே என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே என்பதும் அப்படித்தான். மற்ற நூலகங்களோடு தரவைப் பகிர வேண்டுமென்றால் பெயரை மட்டும் நம்ப முடியாது. உலக நூலகங்கள் சேர்ந்து வைத்திருக்கும் வியாஃப் என்ற பெயர்க் கோப்பில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் எண் உண்டு. கிடைத்தவர்களுக்கெல்லாம் அந்த எண்ணைப் பதிவில் சேர்த்தேன். அதில் இல்லாத உள்ளூர்ப் புலவர்களுக்கு எங்கள் எண்.

இதில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பெரிய துணையாக இருந்தது. 1962 முதல் டெல்லியில் அலுவலகம் வைத்து இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தவர்கள் அவர்கள். எங்களிடம் இருந்த பல பழைய புத்தகங்களுக்கு அவர்களிடம் முழு விவரத்தோடு மார்க் பதிவு (நூல் விவரத்தைக் கணினி படிப்பதற்கான பொது வடிவம்) இருந்தது. இன்னொரு நூலகத்தின் பட்டியலில் தேடி எடுக்க உதவும் இஸட் 39.50 என்ற நெறிமுறை வழியாகக் கோஹாவே அதை எடுத்துத் தரும். ஆனால் அந்தப் பதிவுகளில் தமிழ், ரோமன் எழுத்தில்தான் இருக்கும். நகரத்துக்கு வெறும் என், னகரத்துக்கு அடிக்கோடு போட்ட என், ணகரத்துக்குக் கீழே புள்ளி வைத்த என். ஒழுங்கான முறை என்பதால் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவர முடிந்தது. அதற்கும் ஒரு சிறு நிரல் எழுதினேன். 1,370 புத்தகங்களுக்கு இப்படிப் பக்க எண்ணிக்கை, பொருள் தலைப்பு எல்லாம் கிடைத்தன. தேடியது எங்களூர்ப் புத்தகத்தின் பதிவை, கிடைத்தது வாஷிங்டனில் என்று ஐயாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகுதான் பகிர்வு. கோஹாவுக்குள்ளேயே, நம் பதிவுகளை மற்ற நூலகங்கள் திரட்டிக்கொள்ள உதவும் ஓ.ஏ.ஐ.-பி.எம்.எச். சேவை இருக்கிறது. இந்த நெறிமுறையின் 2002இல் வந்த இரண்டாம் பதிப்புதான் இன்றும் புழக்கத்தில் உள்ளது. எளிய ஏற்பாடு. மற்ற நூலகத்தின் திரட்டி நிரல் வந்து "உன் பதிவுகளைக் கொடு" என்று கேட்கும். நம் கணினி ஐம்பது ஐம்பதாகக் கொடுக்கும். ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் ஒரு சீட்டு கொடுக்கும். அந்தச் சீட்டைக் காட்டினால் அடுத்த ஐம்பது. அடுத்த முறை வரும்போது, போன தடவைக்குப் பின் மாறியதை மட்டும் கேட்டு வாங்கிப்போகலாம்.

அறக்கட்டளைக் குழுவை ஒப்புக்கொள்ள வைக்க இரண்டு கூட்டங்கள் ஆயின. "நம்ம லிஸ்ட்டை நாம ஏன் மத்தவங்களுக்குச் சும்மா கொடுக்கணும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காங்கிரஸ் நூலகத்திலிருந்து நாம் எடுத்த 1,370 பதிவுகளுக்கு யாரும் காசு கேட்கவில்லை என்றேன். ஐரோப்பிய நூலகங்கள், அருங்காட்சியகங்களின் பொது இணையத்தளமான யூரோப்பியானா 2012இல் 2 கோடிக்கும் மேலான பதிவுகளை எந்தக் கட்டுப்பாடும் இல்லாத சி.சி.0 உரிமத்தில் வெளியிட்டதையும் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுகள் முப்பது இருக்கின்றன, அவை எந்த அலமாரியில் என்று மட்டும் வெளியே தெரிய வேண்டாம் என்றார்கள். அது சரியான கவலை. அந்த விவரத்தை எடுத்துவிட்டோம்.

எடுத்திருக்க வேண்டிய இன்னொன்றை நான் கவனிக்கவில்லை. பழைய கோப்பில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தபோது 'அட்டை கிழிந்தது', 'இரண்டாம் பிரதி' என்றுதான் இருந்தது. அதைப் பொதுக் குறிப்பு என்ற இடத்தில் ஏற்றினேன். பிரதி விவரங்களும் சேர்ந்தே போகும்படி சேவையை அமைத்திருந்தேன். மதுரையில் ஒரு கல்லூரி நூலகம் முதன்முதலாகப் பதிவுகளைத் திரட்டிய மறுநாள் காலை, அங்கிருந்த நூலகர் அம்மா அழைத்தார். "சார், உங்க பதிவுல ஆளுங்க பேரும் போன் நம்பரும் வருதே, பாத்தீங்களா?" புத்தகத்தை எடுத்துப்போய்த் திருப்பித் தராதவர்கள், நன்கொடை தந்தவர்கள் என்று 94 பேரின் விவரம் அந்தப் பத்திக்குள் இருந்திருக்கிறது.

உடனே சேவையை நிறுத்தினேன். கல்லூரி நூலகத்தார் தங்கள் பிரதியையும் காப்புப் பிரதியையும் அன்றே அழித்தார்கள். ஐயா அந்த 94 பேரில் ஊரில் இருந்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னார். வெளியூரில் இருந்தவர்களுக்கு நான் தொலைபேசியில் சொன்னேன். ஒருவர் மட்டும் கோபப்பட்டார், அவர் கோபப்பட்டது சரி. அன்றைக்கு அந்த ஒரே ஒரு நூலகம்தான் எடுத்திருந்தது. பத்து இடத்துக்குப் போயிருந்தால் திரும்பப் பெற வழியே இல்லை. இப்போது வெளியே போகும் ஒவ்வொரு புலத்தையும் ஒரு நிரல் சலிக்கிறது. பத்து இலக்க எண் எங்கே தென்பட்டாலும் பதிவு நின்றுவிடும். குறிப்புப் பத்தி வெளியே போவதே இல்லை.

நீக்கிய பதிவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரட்டைப் பதிவுகள் 212ஐ ஒன்றாக்கிய பிறகு, நீக்கியவை கிடக்கும் அட்டவணையை இடத்தை அடைக்கிறது என்று காலி செய்தேன். செய்திருக்கக் கூடாது. எது நீக்கப்பட்டது என்று திரட்டிக்குச் சொல்வதே அந்த அட்டவணைதான். கல்லூரியின் பட்டியலில் அந்த இரட்டைகள் அப்படியே இருந்தன. முழுவதையும் மறுபடி திரட்டச் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது மூன்று நூலகங்கள் எங்கள் பதிவுகளை எடுக்கின்றன. பாமினி மாற்றியையும் சோதனைச் சொற்களையும் கட்டற்ற உரிமத்தில், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்திருக்கிறேன். பட்டியலில் இன்னும் சேராதவை பைண்டு செய்த பழைய வார இதழ்கள். 1950களிலிருந்து 260 தொகுதிகள். அவற்றுக்குத் தொகுதி எண், இதழ் எண், தேதி மூன்றும் வேண்டும். முன்னட்டை கிழிந்தவற்றில் மூன்றுமே இருக்காது. ஐயா உள்ளே வந்திருக்கும் விளம்பரங்களையும் சினிமாச் செய்திகளையும் பார்த்து மாதத்தைக் கணித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன ஞாயிறு பதினோரு தொகுதி முடித்தோம்.