சுரண்டிவிட்ட தடம்

அந்த வண்டி நான்கு மரப்பெட்டிகளில் வந்து இறங்கியது. ஒன்றில் சிலிண்டர், இன்னொன்றில் டேங்க், மூன்றாவதில் பெயர் சொல்ல முடியாத இரும்புகள். நான்காவதில் அந்த இரும்புகளின் துரு என்று பட்டறையில் சிரித்துக்கொண்டோம். 1915-இல் அறிமுகமான டிரையம்ப் மாடல் எச் மோட்டார் சைக்கிள். ஒற்றைச் சிலிண்டர், 550 சி.சி., மூன்று கியர். கியர்பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குச் செயின் கிடையாது, பெல்ட்தான். முதல் உலகப்போரில் சுமார் 30,000 வண்டிகள் படைகளுக்குப் போன மாடல் இது.

பழைய மோட்டார் சைக்கிள்களைச் செப்பனிடுவது என் தொழில் என்றால், கேட்பவர் மனத்தில் பெயின்ட் வாசனைதான் வருகிறது. என் நாளின் பெரும்பகுதியோ போல்ட்டுகளின் மரை எண்ணுவதில் கழிகிறது. இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 85 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 97 மில்லிமீட்டர். அதே எஞ்சினை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளோ அங்குலக் கணக்கு. அங்குலத்திலும் ஒரே கணக்கு என்றால் பரவாயில்லை.

கால் அங்குல போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காலத்து ஆங்கிலேய வண்டிகளில் சைக்கிள் மரை என்று ஒன்று உண்டு, பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் தர நுண்மரை) என்று இன்னொன்று உண்டு. கால் அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 26 மரை. கண்ணுக்கும் மரைமானிக்கும் இரண்டும் ஒன்றுதான். ஆனால் சைக்கிள் மரையின் கோணம் 60 பாகை. மற்றதன் கோணம் 55. ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் இரண்டு மூன்று சுற்று விரலாலேயே ஏறும். பிறகு இறுகும். ஸ்பேனர் பிடித்தவர், வேலை முடிந்தது என்று நிமிர்ந்துவிடுவார். உள்ளே மரையின் பக்கங்கள் முழுதாகப் படியாமல் ஓரங்கள் மட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் அதிர்வில் அந்தப் பிடி எத்தனை நாளைக்கு? வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு நட்டை ஏற்றிவிட்டு, கழற்றும்போது மரையையும் சேர்த்து உருவி எடுத்தேன். இப்போது நட்டு தானாகச் சுழன்று அடிவரை இறங்காவிட்டால் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

மூன்றாவது பெட்டியைத் தரம் பிரிக்கவே மூன்று வாரமாயிற்று. முடித்துப் பார்த்தால் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் இல்லை, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் ஸ்பிரிங் இல்லை, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் செயின் மூடியில் பாதி இல்லை. தயாரித்த ஆலையைக் கேட்கலாம் என்றால், இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த அந்த ஆலை 1940 நவம்பர் 14 இரவு விழுந்த குண்டுகளில் அழிந்துபோனது. மிச்சம் இருப்பவை யார் வீட்டுக் கொட்டகையிலாவது, வேறு ஏதோ பெயர் எழுதிய டப்பாவில் கிடக்கின்றன. ஆகவே தேடுகிறவருக்குப் பொருளின் சரியான பெயர் தெரிந்தால் போதாது. விற்பவர் அதைத் தவறாக என்னவென்று நினைத்திருப்பார் என்பதையும் ஊகிக்க வேண்டும். ஃபோர்க் ஸ்பிரிங் எங்களுக்கு 'இருக்கை ஸ்பிரிங்' என்ற பெயரில்தான் அகப்பட்டது.

கார்புரேட்டர் கதை அவ்வளவு சுகமானதல்ல. டிரையம்ப் தானே செய்த வகை அது. காற்றுக்கு ஒரு நெம்புகோல், எரிபொருள் கலவைக்கு ஒரு நெம்புகோல். முறுக்கும் கைப்பிடி கிடையாது. ஓட்டுபவர் இரண்டையும் கட்டைவிரலால் சரிபார்த்துக்கொண்டே போக வேண்டும். ஏழு மாதத் தேடலுக்குப் பின் ஒருவர் அனுப்பிய புகைப்படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பார்சலைப் பிரித்தால் உடல் மட்டும் சரி. மேல்மூடி வேறு வண்டியுடையது. அந்த மூடி ஏறட்டும் என்று யாரோ பழைய மரையைக் கடைந்து எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டியிருந்தார்கள். படம் எடுத்த கோணத்தில் அது மட்டும் மறைந்திருந்தது. தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதன்பின் யாரிடம் வாங்கினாலும், அடிக்கோலைப் பக்கத்தில் வைத்து, பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். பின்பக்கத்தைக் காட்டத் தயங்கினால் விட்டுவிடுகிறேன்.

(பளபளப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'முற்றிலும் ஒரிஜினல்' என்று அந்தக் காலத்து வண்டியைக் காட்டுவார்கள். கைப்பிடியில் நீலம் ஓடிய குரோமியம் மின்னும். குரோமியம் முலாம் தொழிற்சாலைகளுக்கு வந்ததே 1920-களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன் நிக்கல். அதன் மினுக்கத்தில் மெல்லிய மஞ்சள் சாயல் இருக்கும்.)

மேக்னெட்டோவைப் பட்டறையின் மூத்தவரிடம் கொடுத்தேன். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் அழைப்போம். பழைய மேக்னெட்டோவின் சுருளுக்கு ஷெல்லாக் என்ற அரக்கைப் பூசியிருப்பார்கள். அது ஆண்டுகள் போகப் போக, சூட்டில் இளகி வழிந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சரைக் கூட்டோடு ஒட்டிவிடும். அண்ணன் அதை மெதுவாகச் சூடு காட்டி விடுவித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்து மேசையில் முன் ஃபோர்க்கை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கக் குழாயின் மேற்பகுதியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு எனாமல் போய், இரும்பு வழவழவென்று தெரிந்தது. அசிங்கமான தேய்மானம் என்று அதிலிருந்தே ஆரம்பித்தேன்.

"எதைத் தேய்க்கிறாய், தம்பி?"

சொன்னேன். அவர் எழுந்து வந்து இடப்பக்கக் குழாயைத் திருப்பிப் பார்த்தார். அங்கும் அதே உயரத்தில், அதே அகலத்தில் ஒரு பட்டை.

இந்த மாடலின் ஃபோர்க் மேலும் கீழும் ஏறி இறங்குவதில்லை. முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தைத் தாங்குவது மேலே படுக்கையாகக் கிடக்கும் ஒரே ஒரு ஸ்பிரிங். மேடுபள்ளத்தில் அது ஒடியும். போர்க்களத்தில் செய்தி கொண்டுபோன வீரர்கள், ஒடிந்தாலும் ஓட்ட வேண்டும் என்பதற்காக ஃபோர்க்கைச் சுற்றித் தோல் வாரைக் கட்டிக்கொண்டார்கள். இதை நானும் படித்திருக்கிறேன். படித்தது கைக்கு வரவில்லை.

அண்ணன் ஒரு பழைய தோல் வாரை எடுத்து இடப்பக்கத் தடத்தின்மேல் வைத்தார். பொருந்தியது. இந்த வண்டி போருக்குப் போனதற்கு எந்தச் சான்றும் இல்லை. பிற்காலத்தில் யாராவது ஊர்சுற்றக் கட்டியதாகவும் இருக்கலாம். யாராயினும், தோல் இரும்பை வழவழப்பாக்கும் அளவுக்கு அந்த வாரை நம்பியே ஓட்டியிருக்கிறார். ஓராண்டு தேடி நான் வாங்கி வைத்திருந்த ஒரிஜினல் ஸ்பிரிங், அந்தக் காலம் முழுவதும் இந்த வண்டியில் இல்லாத பொருள். ஆலையின் பட்டியல் அதை ஒரிஜினல் என்கிறது. ஃபோர்க் வேறு ஒன்றைச் சொல்கிறது. அதில் பாதியை நான் உப்புத்தாளில் துடைத்துவிட்டேன்.

உரிமையாளரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சற்று நேரம் இடப்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அதை அப்படியே விடச் சொன்னார். வலப்பக்கத்துக்குக் கறுப்பு எனாமல். இடப்பக்கத்துக்கு மெழுகு மட்டும். நேரே நின்று பார்த்தால் ஃபோர்க் இரண்டு வண்டிகளிலிருந்து கழற்றிச் சேர்த்தது போலிருக்கும்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேலைச்சீட்டு எழுதி உடன் கொடுப்போம்; எது பழையது, எது புதிதாகக் கடைந்தது, எது வேறு வண்டியிலிருந்து வந்தது என்று. கார்புரேட்டர் மூடி, புதிது. ஸ்பிரிங், அதே மாடல், வேறு வண்டி. மேக்னெட்டோ சுருள், மறுகட்டு. கடைசி வரியை எழுதப் பேனாவை எடுத்தபோது, அண்ணன் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஃபோர்க், வலப்பக்கம்: வார்த் தடம் இருந்தது. நான் அழித்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.