பக்கத்தில் அமர்ந்து பழக்குதல்: ஒரு கட்டற்ற மென்பொருள் தன்னார்வலரின் நாட்குறிப்பு

21 ஆகஸ்ட் 2025, வியாழன்

கடிதம், விரிதாள் போன்றவற்றைத் தயாரிக்க உதவும் கட்டற்ற அலுவலகத் தொகுப்பான லிப்ரே ஆபிசின் 25.8 பதிப்பு நேற்று வெளிவந்தது. இரவே பதிவிறக்கி எங்கள் தன்னார்வக் குழுவின் பென் டிரைவுகளில் ஏற்றத் தொடங்கிவிட்டேன். இந்தப் பதிப்பு விண்டோஸ் 7, 8 ஆகியவற்றில் இயங்காது. மயிலாடுதுறைக் கடைத்தெருவில் விண்டோஸ் 7 இன்னும் நன்றாகவே உயிர் வாழ்வதால், முந்தைய 25.2 பதிப்பையும் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்கிறோம்.

மென்பொருள் சுதந்திர நாள் செப்டம்பர் 20 அன்று வருகிறது. 2004 முதல் உலகின் பல ஊர்களில் உள்ளூர்க் குழுக்கள் தத்தம் வசதிக்கேற்ப நடத்திவரும் நாள் அது. வழக்கமாக ஒரு கல்லூரி அரங்கு, ஒரு பதாகை, கட்டற்ற மென்பொருள் தரும் நான்கு உரிமைகளை (இயக்க, ஆராய்ந்து மாற்ற, பகிர, மாற்றியதைப் பகிர) பற்றிய ஓர் உரை, தேநீர், சான்றிதழ் என்று முடிந்துவிடும். இந்த ஆண்டு அப்படி வேண்டாம் என்பது என் கருத்து. நம் ஊரில் கணினி விற்பவரே உரிமம் இல்லாத அலுவலகத் தொகுப்பு ஒன்றைக் காசு வாங்காமல் ஏற்றிக் கொடுத்துவிடுகிறார். காசு கொடுத்தறியாதவரிடம் ‘இதற்குக் காசு வேண்டாம்’ என்று சொல்வதில் என்ன கவர்ச்சி இருக்க முடியும்?

24 ஆகஸ்ட், ஞாயிறு

மாலையில் குழு கூடியது. கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரியிலேயே தொடங்கலாம் என்றார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா மட்டும், சார்பதிவாளர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளுக்கும் டிடிபி கடைகளுக்கும்தான் முதலில் போக வேண்டும் என்று விடாமல் வாதிட்டார். விற்பனைப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், ஆட்சியருக்கு எழுதும் மனு, கோயில் குடமுழுக்கு அழைப்பிதழ் என ஊரின் எழுத்து முழுவதும் அந்த மேசைகள் வழியாகத்தான் போகிறது; அங்கே எந்தக் கோப்பு வடிவம் புழங்குகிறதோ அதுவே ஊரின் கோப்பு வடிவம் என்றார். அவர் பக்கமே முடிவானது.

பேச்சு பழைய கதைக்கும் போயிற்று. 2006-க்குப் பின் ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அங்கே விண்டோசுக்கு மாற்றான சூசே லினக்ஸ் இயங்குதளமும், லிப்ரே ஆபிசின் முன்னோடியான ஓப்பன் ஆபிசும் புழக்கத்துக்கு வந்தன. அரசுத் துறைகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டன. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும், விண்டோசுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் பல கணினிகளில் சேர்ந்தே வந்தது. எங்கள் குழுவில் அந்த மடிக்கணினி பெற்ற இருவர் இருக்கிறார்கள். இருவர் வீட்டிலும் பாஸ் லினக்சை முதல் மாதத்திலேயே பக்கத்துக் கடைக்காரர் அழித்துக் கொடுத்திருக்கிறார். ஆணையும் இயந்திரமும் மேலிருந்து வந்தன. ‘இதைத் திறந்தால் இப்படித்தான் இருக்கும், பயப்படாதே’ என்று சொல்லத் தெருவில் ஆள் இல்லை. கேரளத்தில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு பள்ளிகளில் கணினி கற்பிக்கும் ஐடி அட் ஸ்கூல் திட்டம், இன்றைய கைட், ஊன்றி நின்றதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. அங்கே முதலில் ஆசிரியர்களைப் பழக்கினார்கள். பாடநூலும் அதே மென்பொருளைக் கொண்டே எழுதப்பட்டது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று முழுவதும் ஒரு டிடிபி கடையில் கழிந்தது. கடைக்காரர் அண்ணன் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டச்சு செய்பவர். அவருடைய சொத்து என்பது கணினி அன்று. ‘கிரயம்’, ‘தானம்’, ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயரிட்ட கோப்புறைகளில் கிடக்கும் நூற்றுக்கணக்கான மாதிரி ஆவணங்கள்தாம். அவற்றில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் இருக்கின்றன, சில வானவில்லில். ‘இவையெல்லாம் உங்கள் மென்பொருளில் திறக்குமா தம்பி? திறந்தால் மேற்கொண்டு பேசுவோம்’ என்றார். நியாயமான நிபந்தனை.

திறந்தன. பழைய வடிவக் கோப்புகளைத் திறப்பதில் லிப்ரே ஆபிசின் எழுத்துச் செயலியான ரைட்டருக்குத் தயக்கமே இல்லை. பாமினி எழுத்துரு கணினியில் இருக்கும்வரை ஆவணம் அப்படியே தெரியும். அந்த எழுத்துருவை நீக்கிக் காட்டியபோது முழு ஆவணமும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறியது. குற்றம் எந்த அலுவலகத் தொகுப்பினுடையதும் அன்று. பாமினியில் சேமிக்கப்படுவது தமிழ் எழுத்தே அன்று. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் ஒருங்குறியை (யூனிகோடு) 2010-லேயே தமிழ்நாடு அரசு தரமாக ஏற்று ஆணையிட்டும், கடைத்தெருவில் அது பாதி அளவுகூட நடைமுறைக்கு வரவில்லை என்பதை அவருடைய கோப்புறைகளே காட்டின.

ஒருங்குறிக்கு மாற அவர் தயங்கியதற்கு ஒரே காரணம் விரல்கள். பாமினி விசைப்பலகையில் பழகிய வேகத்தை விட்டு, இந்த வயதில் புதிதாகக் கற்க அவருக்கு மனமில்லை. வருமானமும் இடம் தராது. தமிழ்த் தட்டச்சுக் கருவியான இ-கலப்பையை நிறுவிப் பாமினி விசையமைப்பைத் தேர்ந்துகொடுத்தேன். அதே விசைகள், அதே வேகம், ஆனால் திரையில் விழுவது ஒருங்குறித் தமிழ். இரண்டு பத்தி அடித்துப் பார்த்துவிட்டுக் கடைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினார். அலுவலக மென்பொருளைப் பரப்பப் போன இடத்தில் கதவைத் திறந்தது விசைப்பலகைக் கருவிதான். ஆனால் அது தனியாக நின்றிருந்தாலும் பயனில்லை. ரைட்டரில் தமிழுக்கென்று தனியாக ஓர் இயல்பு எழுத்துருவை அமைத்துக் கொடுக்காமல் வந்திருந்தால், நாளைக் காலையிலேயே ‘எழுத்துரு மாற மாட்டேன் என்கிறது’ என்று அழைப்பு வந்திருக்கும். மேற்கத்திய மொழிகளுக்கு ஒன்று, தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கு ஒன்று எனத் தனித்தனியே எழுத்துரு வைத்துக்கொள்ளும் அதன் முறை, புதிதாக வருபவர் எவருக்கும் சொல்லாமல் விளங்காது.

கிளம்பும் முன் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்த ஒரு பழைய கோப்பை நீட்டினார். 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே லிப்ரே ஆபிசின் வரைகலைச் செயலியான டிரா அவற்றைத் திறக்கும். திருமண அழைப்பிதழ் திறந்தது. ஓரக்கோலமும் பிள்ளையார் படமும் சற்று இடம் மாறியிருந்தன. ‘பரவாயில்லை, உள்ளே இருக்கும் எழுத்து கிடைத்தால் போதும்’ என்றார். பேஜ்மேக்கருக்கு முழு மாற்று இது என்று நாங்கள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அச்சுப் பணிக்கு ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் இருக்கிறது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

7 செப்டம்பர், ஞாயிறு

அண்ணனின் மாதிரி ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றும் வேலை. தமிழ் உரையைக் கையாள உதவும் ஓப்பன் தமிழ் நிரலகத்தைக் கொண்டு குழுவின் மாணவி ஒருவர் சிறு நிரல் எழுதியிருந்தார். பத்திகள் அழகாக மாறின; ஆனால் ஆவணத்தில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்தவையும் சேர்ந்து மாறின. வாங்குபவரின் பான் எண்ணில் இருந்த ஆங்கில எழுத்துகள் தமிழாகிவிட்டன. பத்திரத்தில் இது விளையாட்டு அன்று. எனவே, பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்றும்படி நிரலைத் திருத்தினார். அதன் பிறகும் ஒவ்வொரு மாதிரியையும் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்த பின்பே கடைக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு தமிழாசிரியர் ஐயாவுக்கு. மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டார், கூடவே பத்திரத் தமிழின் சந்திப்பிழைகளையும் திருத்தத் தொடங்கியிருக்கிறார். அதை மட்டும் தடுக்க வேண்டும்.

13 செப்டம்பர், சனி

ஒரு பள்ளி அலுவலகம். காலாண்டுத் தேர்வு நேரமாதலால் தலைமையாசிரியை அம்மாவுக்குப் பேச நேரமில்லை. மாற்றச் சொல்லவில்லை, பழையதை அழிக்கவும் மாட்டோம், இரண்டும் ஒரே கணினியில் இருக்கட்டும் என்ற பிறகே இசைந்தார். மேலிடத்திலிருந்து வரும் விரிதாள்களை லிப்ரே ஆபிசின் விரிதாள் செயலியான கால்க்கில் திறந்து பார்த்தோம். கூட்டல், சராசரி, வடிகட்டல் எல்லாம் சரி. மேக்ரோ (தானாக இயங்கும் கட்டளைத் தொடர்) வைத்த ஒரு படிவம் மட்டும் அடம் பிடித்தது. அந்த ஒன்றைப் பழைய தொகுப்பிலேயே நிரப்புங்கள் என்று சொல்லிவிட்டோம். இப்படி ஒத்துக்கொள்வதைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் சிலர் தோல்வியாகக் கருதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாம் முடியும் என்று வாக்களித்துவிட்டு அந்தப் படிவம் சிக்கிய அன்று நாம் தொலைபேசியை எடுக்காமல் இருந்தால், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்த அலுவலகத்துக்குள் யாரும் இதைப் பற்றி வாய் திறக்க முடியாது.

இத்தாலியின் முன்மாதிரியைத் திரும்பும் வழியில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். 2015-இல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் சுமார் 1,50,000 கணினிகளில் லிப்ரே ஆபிசுக்கு மாறத் திட்டமிட்டபோது, லிப்ரே இத்தாலியா என்ற தன்னார்வச் சங்கத்தோடுதான் உடன்படிக்கை செய்துகொண்டது. அந்தச் சங்கத்தினர் ஒவ்வொரு மேசைக்கும் போகவில்லை. அமைச்சகத்துக்குள்ளேயே இருப்பவர்களைப் பயிற்றுநர்களாக்கினார்கள். நம் அளவில், கடைப் பையனும் பள்ளி அலுவலக உதவியாளரும்தாம் அந்தப் பயிற்றுநர்கள்.

20 செப்டம்பர், சனி

மென்பொருள் சுதந்திர நாள். மேடை இல்லை. நூலக மாடியில் மேசைகள் போட்டு, ‘உங்கள் கோப்போடு வாருங்கள்’ என்று மட்டும் அறிவித்திருந்தோம். மகளிர் சுயவுதவிக் குழுக்களின் கணக்கர்கள் நோட்டுப் புத்தகங்களோடு வந்தார்கள். கடன், வட்டி, சேமிப்பு ஆகிய மூன்றையும் ஒரே விரிதாளில் கோத்துக் கொடுத்ததும், ‘மாதக் கடைசியில் மகனைக் கெஞ்ச வேண்டியதில்லை’ என்றார் ஒரு அக்கா. டிடிபி அண்ணன் மதியம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து, இன்னொரு கடைக்காரருக்கு இ-கலப்பையை அவரே நிறுவிக் கொடுத்தார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட மொழியில் எங்களில் எவராலும் பேசியிருக்க முடியாது; எந்த விசையில் ‘ஞ’ வரும் என்பதிலிருந்து எந்தப் பிரிண்டரில் ஓரம் வெட்டுப்படும் என்பது வரை எல்லாம் வந்துபோயிற்று.

28 செப்டம்பர், ஞாயிறு

லிப்ரே ஆபிசுக்கு இன்று 15 வயது. ஓப்பன் ஆபிசை நடத்திவந்த சன் மைக்ரோசிஸ்டம்சை ஆரக்கிள் நிறுவனம் வாங்கிய 2010-ஆம் ஆண்டில், ஓப்பன் ஆபிசின் எதிர்காலம் பற்றிக் கவலைப்பட்ட பங்களிப்பாளர்கள் செப்டம்பர் 28 அன்று டாக்குமெண்ட் பவுண்டேஷனை அறிவித்துத் தனிவழி போனார்கள். 2012-இல் அது பெர்லினில் முறைப்படி அறக்கட்டளையாகப் பதிவானது. ஓப்பன் ஆபிஸ் பிறகு அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிடம் போய் அங்கே மெல்ல நகர்கிறது. இன்றும் சில கடைகளில் ‘ஓப்பன் ஆபிஸ்தானே, தெரியும்’ என்று பழைய பதிப்பைக் காட்டுகிறார்கள். அதை மாற்றிவைப்பது எளிய வேலை. மாலையில் இரண்டு இடங்களில் முடிந்தது.

12 அக்டோபர், ஞாயிறு

ஆயுத பூஜைக்குக் கணினிகளுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்து மூடியவர்கள் இந்த வாரம்தான் முழுமையாகக் கடை திறந்திருக்கிறார்கள். நாளை மறுநாள் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிகிறது. செய்தி பரவியிருப்பதால், லினக்ஸ் போட்டுக் கொடுங்கள் என்று அவர்களாகவே கேட்கிறார்கள். சென்ற மாதமே ரைட்டருக்கும் கால்க்குக்கும் பழகிவிட்டவர்களுக்கு இது பெரிய தாவல் அன்று; அவர்கள் நாள் முழுவதும் பார்க்கும் சாளரம் லினக்சிலும் அதேதான். பழகாதவர்களிடம் இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். சிலருக்குக் கோபம்.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அரையாண்டுத் தேர்வு வினாத்தாள்களை ரைட்டரிலேயே அடிக்கப் போகிறார்களாம். கணக்குப் பாடத்துக்குச் சமன்பாடு எழுதும் முறையைச் சொல்லித்தர ஆள் வேண்டுமாம். நம் மாணவி புதன்கிழமை மாலை போகிறார். டிடிபி அண்ணனின் கோப்புகளில் தானப் பத்திரங்கள் இன்னும் மெய்ப்புப் பார்க்கப்படாமல் கிடக்கின்றன. பட்டியலில் அடுத்து வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகம் இருக்கிறது, அங்கே முழுவதும் வானவில். அதற்கு மாணவியின் நிரலில் புதிய மாற்று அட்டவணை ஒன்றைச் சேர்க்க வேண்டும்.